தட்டு சுத்தணும்டா பேராண்டி

வாய்யா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. கக்கத்துல என்ன, ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயா? இல்லையா? ஓகோ, பாட்டுப் பிளேட்டா! அதுக்கு மேல ஒரு பிளாஸ்டிக் உறை. அந்த உறைக்கு மேல இன்னொரு உறை. கையில வெள்ளைக் கையுறை வேற. ஏண்டா, பாட்டுக் கேக்கப் போறியா, பிரசவம் பாக்கப் போறியா?

எம்புட்டுக்கு வாங்குன? சொல்லாத, சொல்லாத. உங்கப்பன் உள்ள தூங்குறான். எந்திரிச்சிட்டான்னா வம்பு.

சரி, போட்டுக் கேட்டியா? கேக்கலையா? ஏனாம்? பிரிக்காத பீஸா! பிரிச்சா விலை போயிருமா! அப்ப உள்ள பாட்டு இருக்குன்னு உனக்கு எப்படிடா தெரியும்? மேல படம் போட்டிருக்கு, நம்பிட்ட. உள்ள விவசாயச் செய்தி இருந்தா என்ன செய்வ? நம்ம அவனியாபுரத்துல தை பொறந்த அன்னைக்கு வாடிவாசல் தொறக்குது. பருத்திக்கொட்டையும் புண்ணாக்குமாப் போட்டு வளத்த காளையை, மேல தூசி படும்னு தொழுவத்துலயே கட்டி வச்சிருக்கிறவனை ஊர்ல என்ன சொல்லுவாக? அதையேதான் உன்னையும் சொல்லுவாக. உன் காதுக்கு எட்டாமச் சொல்லுவாக, அம்புட்டுத்தான்.

அப்புறம் இந்த மார்க்குப் போடுற கூத்து. ‘மிண்ட்’டாம், ‘நியர் மிண்ட்’டாம், ‘வெரி குட்’டாம். வெரி குட்னு போட்டிருக்கேன்னு உன் கூட்டாளி ஒருத்தன் வாங்கிட்டு வந்தான். போட்டா கரகரங்குது. கேட்டா, இந்த யாவாரத்துல ‘ரொம்ப நல்லது’ன்னா சுமாருன்னு அர்த்தமாம். வெறும் ‘நல்லது’ன்னா தொடாதேன்னு அர்த்தமாம். இப்படி ஒரு பாஷையை மாட்டுத்தாவணியில பேசியிருந்தா மாட்டுக்காரன் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிருப்பான்.

எங்க காலத்துல பிளேட்டு யார்கிட்ட இருந்துச்சு? பெரிய வீட்டுல ஒரு கிராமபோன் பெட்டி இருக்கும். சாவி கொடுத்துச் சுத்த விடுவாக. மிச்ச ஊருக்கெல்லாம் ரேடியோ செட்டுக்காரர்தான். காதுகுத்தா, சடங்கா, கல்யாணமா, மாரியாத்தா கோயில் பொங்கலா, முதல் நாள் சாயந்திரமே வந்து புளியமரத்து உச்சியில குழாயைக் கட்டிருவாரு. விடியறதுக்கு முந்தியே சீர்காழி கோவிந்தராஜன் பிள்ளையாரைக் கூப்பிடுவாரு. அப்பத் தொடங்குனா ராத்திரி செட்டுக்காரருக்குத் தூக்கம் வந்தாத்தான் நிக்கும். ஒருத்தன் காசு கொடுத்தான், மூணு ஊரு கேட்டுச்சு. களை எடுக்கிறவ கேட்டா. கமலை ஓட்டுறவன் கேட்டான். நீ காசும் கொடுக்குற, கேக்கவும் மாட்டேங்குற. இதுல யாருடா புத்திசாலி?

கீறலைக் கண்டா உனக்கு உசுரு போகுது. எங்க செட்டுக்காரரு ஊசி துள்ளுச்சுன்னா அது மண்டையில ஒரு பத்துப் பைசா வப்பாரு. அது அலுமினியக் காசு, கனம் பத்தாது. நாலணா வைங்கய்யான்னு நாங்க யோசனை சொல்லுவோம். தட்டு தேயுமேங்கிற. தேயும்தான். ஊர்ல பாதிப்பேருக்கு அந்தப் பாட்டு கீறலோடதான் மனப்பாடம். பின்னால கேசட்டுல கீறல் இல்லாமக் கேட்டப்ப, நடுவுல என்னமோ குறையுதேன்னாக.

கல்யாண வீட்டுல அந்தத் தட்டு செஞ்ச சோலி இருக்கே! பேசுன நகையில ரெண்டு பவுன் குறைஞ்சிருக்கும். மாப்பிள்ளை வீட்டு ஆளு ஒருத்தன் பையப் பையப் போயி செட்டுக்காரர் காதைக் கடிப்பான். அடுத்த பாட்டு, சொன்ன சொல்லு தவறுறவனைப் பத்தி டி.எம்.எஸ். தத்துவமாப் பாடுவாரு. 1922ல நம்ம மதுரையில பொறந்த மனுசன், அவருக்கு என்ன தெரியும் இந்த ரெண்டு பவுனு வெவகாரம்? ரெண்டாவது பாட்டுல சம்பந்திக்குப் புரிஞ்சிரும். அவரு ஒரு ஆளை அனுப்புவாரு. பேராசைக்காரனைப் பத்தி ஒரு பாட்டு வரும். ஒருத்தரும் வாயைத் தொறக்க மாட்டாக, ஆனா பந்தி முடியிறதுக்குள்ள மொத்தச் சண்டையும் மரத்து மேல நடந்து முடிஞ்சிருக்கும். உன் ஹெட்போன்ல இப்படி ஒரு சண்டை போட முடியுமா?

பாட்டு மட்டுமா? 1965ல ‘திருவிளையாடல்’ வந்துச்சு. வசனமே தட்டா வந்துச்சு. படத்தைப் பாக்காத கெழவிகூட தருமிக்கும் சிவபெருமானுக்கும் நடந்த பேச்சை வரி தப்பாமச் சொல்லும். கதை நடந்ததும் மதுரை, கேட்டுச் சிரிச்சதும் மதுரை. பெறகு 1984ல ‘விதி’ வந்தப்ப கோர்ட்டு வசனம் டீக்கடை டீக்கடையா ஓடுச்சு. டீ ஆறும், ஆளு எந்திரிக்க மாட்டான்.

நீ வினைல் வினைல்ங்கிற. அது அப்புறம் வந்ததுடா. அதுக்கு முந்தி அரக்கு. காட்டு மரத்துல பூச்சி வைக்குமே, அதே அரக்கு. உலகத்துக்கே அதை அனுப்புனது நம்ம நாடு. 1902ல கல்கத்தாவுல கவுஹர் ஜான்னு ஒரு அம்மா பாடுனாக. பாட்டைப் பிடிச்சவன் ஜெர்மனிக்குக் கொண்டுபோயி அச்சடிச்சான். நம்ம பாட்டு கப்பலேறிப் போயி, அரக்குத் தட்டாத் திரும்பி வந்து, நம்ம கிட்டயே விலைக்கு நின்னுச்சு. 1908லதான் கல்கத்தா சியால்டாவுல ஆலை வந்துச்சு, 1928ல தம்தம்ல பெரிய ஆலை. நிமிஷத்துக்கு 78 சுத்து. ஒரு பக்கம் மூணு நிமிஷம், கொஞ்சம் சொச்சம். பக்கத்துக்கு ஒரு புது ஊசி மாத்தணும். கை தவறுனா நாலு துண்டு. நம்ம காரைக்குடி மெய்யப்பச் செட்டியாரு, ஏ.வி.எம்.முன்னு சொல்றியே, அவரு சினிமா எடுக்கிறதுக்கு முந்தி சென்னையில சரஸ்வதி ஸ்டோர்ஸ்னு தட்டு யாவாரம்தான் பாத்தாரு. அவருகிட்டப் போயி, கேக்காம வச்சிருக்கிறதுக்கு ஒரு தட்டு கொடுங்கன்னு கேட்டிருந்தா, உன்னை உக்கார வச்சு, மோரு கொடுத்து, வீட்டு விலாசத்தை விசாரிச்சிருப்பாரு.

இப்ப உனக்கு நம்ம பாட்டும் பத்தலை. ஃபங்க்காம், சோலாம். நான் கேலி பண்ணலடா. உன் ரூம்பு ஜன்னலோரமா மாட்டுக்குத் தண்ணி காட்டயில நானும் கேட்டேன். அமெரிக்காவுல கறுப்பின சனங்க வவுத்துல இருந்து பாடுன பாட்டு. ஜேம்ஸ் பிரவுன்னு ஒருத்தரு, முதல் அடியை ஓங்கிப் போடு, மத்ததைப் பெறகு பாப்போம்னு வாத்தியக்காரனை விரட்டுவாராம். தப்புனா அபராதமாம். 1967ல ‘கோல்ட் ஸ்வெட்’னு ஒண்ணு. உருமியும் தவுலும் கேட்டு வளந்தவனுக்கு அது புரியாதா? காலு தானா ஆடுச்சு. உங்க அப்பத்தா பாத்துட்டா. ஆடுற காலுக்கு மூட்டுவலித் தைலம் எதுக்குன்னு சீசாவை எடுத்து உள்ள வச்சிட்டா.

அந்தப் பாட்டெல்லாம் எதுக்குப் பொறந்துச்சு? டெட்ராய்ட்டுல கார் ஆலையில வேலை பாத்த பெர்ரி கோர்டி, 1959ல வீட்டாளுக சேமிப்புல 800 டாலர் கடன் வாங்கித் தொடங்குனதுதான் மோட்டவுன்னு ஒரு தட்டுக் கம்பெனி. கார் ரேடியோவுல கேட்டா நல்லா இருக்கணும், அதான் அவுக கணக்கு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக கைக்காசுல வாங்கி ஆடுறதுக்கு 45 சுத்துச் சின்னத் தட்டு. தேய்ஞ்சா இன்னொண்ணு வாங்கு. கண்ணாடிப் பொட்டியில வைன்னு அவுக யாரும் சொல்லல.

அதைவிட நம்ம சனத்துக்குப் புரியற கதை ஒண்ணு இருக்கு. வட இங்கிலாந்துல வைகன்னு ஒரு ஊரு. மில்லு, சுரங்கம், பட்டறைன்னு ஒழைக்கிற சனம். அங்க 1973ல வைகன் கேசினோன்னு ஒரு ஆட்டக் கொட்டகையில நடுராத்திரிக்கு மேல பாட்டுப் போடத் தொடங்குனாக. விடிய விடிய ஆட்டம். சாராயம் கிடையாது. கால் வழுக்கிச் சுத்தணும்னு தரையில முகப்பவுடரைக் கொட்டிக்குவானுக. போடுற தட்டு என்ன தெரியுமா? அமெரிக்காவுல விலைபோகாம மூலையில கெடந்த சோல் தட்டு. எவனும் சீந்தாத பாட்டைக் கப்பல்ல கொண்டாந்து, கடல் தாண்டி ஒரு சனம் 1981 வரைக்கும் அந்தக் கொட்டகையில ஆடித் தீத்துச்சு. பாட்டுப் போடுறவரு லேபிள் மேல காகிதத்தை ஒட்டி, பொய்ப்பேரு எழுதி வச்சிருப்பாராம். அடுத்த கொட்டகைக்காரன் பேரைத் தெரிஞ்சுக்கிட்டுத் தானும் வாங்கிட்டா என்ன செய்யறது? அப்படிப் போடு! இந்தப் புத்தியைக் கேட்ட ஒடனே எனக்கு வைகன் மேல ஒரு பாசம் வந்திருச்சு.

நம்ம பக்கம் இதுக்குப் பேரு ரெக்கார்டு டான்ஸ். தட்டைப் போட்டு, எம்.ஜி.ஆர். வேசத்துல ஒருத்தன், சிவாஜி வேசத்துல ஒருத்தன், சரோஜாதேவிக்கு ஒரு கொண்டை. சாமி கும்பிட்டு முடிச்ச ராத்திரி பொட்டல்ல நடக்கும். பேரு இப்ப ‘ஆடல் பாடல்’. போலீசு அனுமதி கொடுக்கலன்னா நம்மாளுக விடுறாகளா? ஒத்தக்கடைப் பக்கம் இருக்கே ஐகோர்ட்டுக் கிளை, அங்க போயி வக்கீல் வச்சு மனுப் போடுறாக. ஆத்தா கோயில் ஆட்டத்துக்கு ஐகோர்ட்டு! ஆனா நீ என்ன சொல்ற? அதெல்லாம் பட்டிக்காட்டுத்தனம், சத்தம், தூங்க முடியலைங்கிற. அதே கூத்து வைகன்ல நடந்தா உக்காந்து டாக்குமென்டரி பாக்குற.

அந்த வைகன் ஆளுக கொண்டாடுன தட்டுல ஒண்ணு ஃபிராங்க் வில்சன்னு ஒருத்தரு 1965ல மோட்டவுனுக்குப் பாடுனது. வெளிய விடாமலே நிறுத்திட்டாக. தப்பிச்சது விரல்விட்டு எண்ணுற தட்டு. 2009ல ஒண்ணு ஏலத்துக்கு வந்து 25,000 பவுண்டுக்கு மேல போச்சு. ரெண்டரை நிமிஷப் பாட்டு! அந்தக் காசுக்கு நம்ம பக்கம் நிலம் வாங்கி, கெணறு வெட்டி, வரப்புல உக்காந்து நாமளே பாடலாம். ஆனாலும் ஒண்ணு சொல்றேன். அந்தப் பாட்டுக்கு விலை ஏறுனது ஆடுன காலால. பிரிக்காம வச்சிருந்தா அப்படி ஒருத்தரு பாடுனதே எவனுக்கும் தெரிஞ்சிருக்காது.

இளையராஜா தட்டு ஏன் விலை ஏறுச்சுன்னு நெனைக்கிற? பண்ணைப்புரம் இன்னைக்குத்தான் தேனி மாவட்டம். அவரு பொறந்த 1943ல அது மதுரை ஜில்லா. நம்ம ஆளு. 1976ல ‘அன்னக்கிளி’ வந்ததுல இருந்து நம்ம காதுல அந்த மனுசன் இல்லாத நாளு உண்டா? பஸ்ஸுல இருக்காரு, டீக்கடையில இருக்காரு, எழவு வீட்டுலகூட இருக்காரு. அப்பல்லாம் அந்தத் தட்டை எடைக்குப் போட்டவன்தான் நம்மாளு. கேசட்டு வந்ததும் தட்டைப் பழைய பேப்பரோட சேத்துக் கொடுத்துப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்னான். சிலபேரு சுடுதண்ணியில போட்டு வளைச்சு, பூச்சட்டி பண்ணி, டி.வி. மேல வச்சாக.

பெறகு என்ன ஆச்சு? ரஜினியோட நூறாவது படம், 1985ல வந்த ‘ஸ்ரீ ராகவேந்திரர்’. சாமியார் படம். அதுல ராஜா போட்ட ஒரு பாட்டைப் பிடிச்சு 2003ல பிளாக் ஐட் பீஸ்னு அமெரிக்கக் கூட்டம் ‘எலிஃபங்க் தீம்’னு போட்டுச்சு. சாமியார் படத்துக்குள்ள ஃபங்க் இருந்திருக்கு, மந்த்ராலயத்துக்கு வேண்டிக்கிட்டுப் போன நமக்குத் தெரியல. 2007ல எம்.ஐ.ஏ.ன்னு நம்ம ஈழத்துப் பிள்ளை ஒண்ணு ‘தளபதி’ பாட்டைத் தன் பாட்டுக்குள்ள ஓட விட்டுச்சு. ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ்னு இங்கிலாந்துக் கம்பெனி ஒண்ணு, 1977ல இருந்து 83 வரைக்கும் ராஜா போட்டதுல பொறுக்கி எடுத்து ‘சொல்லச் சொல்ல’ன்னு புதுசாத் தட்டே போட்டுச்சு. அம்புட்டுத்தான். மறுநாள்ல இருந்து நம்ம பயலுக, ஆகா, அந்த பேஸ் கிட்டார் இருக்கே தாத்தாங்கிறானுக. ஏண்டா, அந்த பேஸ் கிட்டாரு நாப்பது வருசமா நம்ம டவுன் பஸ்ஸுலதான போச்சு? நீ படிக்கட்டுல தொங்கிக்கிட்டே போனியே?

இன்னொரு பெருமை அடிக்கிற. ‘அனலாக்’ சத்தமாம், கம்ப்யூட்டரு கலந்தா ஒடனே தெரிஞ்சிருமாம், காது கூசுமாம். அப்படியா? அமெரிக்காவுல மொபைல் ஃபிடிலிட்டின்னு ஒரு கம்பெனி. பழைய நாடாவுல இருந்து நேரா வெட்டுற சுத்தமான தட்டுன்னு நம்பி, பெரிய காதுக்காரனெல்லாம் வரிசையில நின்னு கூடுதல் விலை கொடுத்து வாங்குனான். 2022ல அரிசோனாவுல ஒரு தட்டுக்கடைக்காரரு, இதுல நடுவுல கம்ப்யூட்டரு இருக்குன்னு போட்டு உடைச்சாரு. கம்பெனியும் ஆமான்னுருச்சு. 2011ல இருந்தே அப்படித்தான் நடந்திருக்கு. பதினோரு வருசம்! அம்புட்டு வருசமும் அதைக் கேட்டு, ஆகா, என்ன கதகதப்புன்னு கண்ணை மூடி உருகுனவனுக எல்லாம் என்ன செஞ்சானுக? பாட்டு அன்னைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இருந்தும் கேஸு போட்டானுக.

சரி, உலகமே இப்படித்தான் கெடக்கு. அதே 2022ல அமெரிக்காவுல சிடி மூணு கோடிச் சொச்சம் வித்துச்சாம், தட்டு நாலு கோடிக்கு மேல. 1987க்குப் பெறகு அப்பத்தான் தட்டு முந்துச்சாம். அதனால உன்னை நிறுத்தச் சொல்லல. செய்யிறதைத் துப்பாச் செய்.

கையுறையைக் கழட்டு. பருத்தி நூல் பிசிறுதான் தட்டுல ஒட்டும். ஓரத்தையும் நடுக் காகிதத்தையும் மட்டும் பிடிச்சாப் போதும், செட்டுக்காரரு அப்படித்தான் பிடிப்பாரு. தட்டைப் படுக்க வச்சு அடுக்காத, நிறுத்தி வை. மதுரை வெயில் என்னன்னு உனக்கே தெரியும். ‘அக்னி நட்சத்திரம்’ தட்டை அக்னி நட்சத்திரத்துல ஜன்னலோரம் வச்சேன்னா, சாயந்திரம் அது சுத்தயில உனக்குத்தான் தலை சுத்தும். வினைல்னா துளி சோப்புத் தண்ணி போட்டுத் தொடை. நடுக் காகிதம் நனையக் கூடாது. அரக்குத் தட்டுக்கு மட்டும் ஸ்பிரிட்டைக் காட்டிராத, கரைஞ்சு போகும். அது குடியைத் தாங்காத சாதி. 78க்கு ஊசி வேற, எல்.பி. வினைலுக்கு ஊசி வேற. அதோட காடி அகலம், இது ஒடுக்கம். பழைய பெட்டியோட இரும்பு ஊசியில புதுத் தட்டைப் போட்டா உழுதுட்டுப் போயிரும். கிராமபோன் பெட்டி வாங்கிக் கூடத்துல வைக்கிறதுக்கு முந்தி இதைத் தெரிஞ்சுக்க. முக்கால்வாசிப் பேரு அந்தப் பித்தளைப் புனலைப் பாத்துத்தான் வாங்குறாக. புனலு பளபளன்னு இருக்கும், உள்ள எந்திரம் வேற எங்கிட்டோ இருந்து வந்திருக்கும்.

தட்டு வாங்கயில வெளிச்சத்துல சாய்ச்சுப் பாரு. கண்ணுக்குத் தெரியிற கீறல் எல்லாம் காதுக்குக் கேக்காது. நகத்துல தட்டுப்படுற கீறல் கேக்கும். கண் மட்டத்துல வச்சு ஓரத்தைப் பாரு, வளைஞ்சிருந்தா அலையடிக்கும். படக் கதாநாயகன் யாருன்னு பாத்து விலை கொடுக்காத. ஈ.பி.ன்னு சின்னத் தட்டு இருக்கே, நாலு பாட்டு இருக்கிறது, அதை எல்லாரும் ஒதுக்கிட்டுப் பெரிய தட்டுக்குப் பாயறாக. நீ அதை எடு. உறை கிழிஞ்சிருந்தா சந்தோசப்படு, விலை எறங்கும். பேனாவுல எவனோ பேரு எழுதியிருந்தா இன்னும் சந்தோசப்படு. கல்யாணப் பரிசாக்கூட இருக்கும். அந்தப் பொண்ணு ஏன் வித்துச்சுன்னு யோசிச்சுக்கிட்டே கேக்கலாம்.

ஆனா கடைக்காரன் முன்னாடி உன் மூஞ்சி இருக்கு பாரு, அதான் உன் எதிரி. தட்டைப் பாத்ததும் வாயைப் பொளக்குற. போன்ல படம் பிடிக்கிற. கூட்டாளிக்கு அனுப்பி, சத்தமா, மச்சான் இது கிடைக்கவே கிடைக்காதுங்கிற. அவன் என்ன மடையனா? நீ படம் பிடிச்சு முடிக்கிறதுக்குள்ள நூறு ரூவா ஐநூறாகிப் போகுது. அவனைக் குத்தம் சொல்ல முடியாது. நான் அவன் இடத்துல இருந்தா ஆயிரம் கேப்பேன்.

ஞாயித்துக்கிழமை திலகர் திடல் சந்தைக்குப் போவோம். வெள்ளனக் கெளம்பணும். போனை வீட்டுலயே வச்சிரு. நான் முதல்ல ஒரு பழைய மண்வெட்டிக்கு விலை கேப்பேன். பெறகு ஒரு கிரைண்டர் மோட்டாருக்குக் கேப்பேன். அதெல்லாம் வேண்டாம்னு எந்திரிச்சு நடக்கயில, இந்தக் கறுப்புத் தட்டெல்லாம் எதுக்குய்யா கெடக்குன்னு காலால ஒதுக்கிக் கேப்பேன். அப்ப நீ பேசக் கூடாது. மூச்சே விடக் கூடாது. கொட்டாவி வந்தா விடு, ரொம்ப நல்லது. பஸ்ஸுக் காசு உன்னது, ஜிகர்தண்டா உன்னது. வாங்குன தட்டை அன்னைக்கு ராத்திரியே போடணும், ஜன்னலைத் தொறந்து வச்சுப் போடணும். உங்க அப்பத்தா ஒளிச்சு வச்ச தைல சீசா எங்க இருக்குன்னு மட்டும் அதுக்குள்ள கண்டுபிடிச்சு வை.